கள் மண்டியும் ஒரு மாத்திரையும்: மாசமா இருக்கும்போது "கொஞ்சம்" குடிக்கலாமா?

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா மகளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி. அவளுக்கு அப்போது நாலாவது மாசம். லீவுக்கு எங்கள் ஊருக்கு, அதாவது சதுரங்கப்பட்டினம் பக்கம், வந்திருந்தாள்.

"அண்ணா, பதநீர் குடிக்கலாம் இல்ல? ஆயா என்னடான்னா காலையில வாங்கினதை மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்து, லேசா புளிச்ச அப்புறம் குடிங்கறாங்க. அப்பதான் ரத்தம் ஊறுமாம். எனக்குப் பயமா இருக்கு. நீங்கதான் இதெல்லாம் தேடித் தேடிப் படிப்பீங்களே."

ஆயாவுக்குப் போன் போட்டேன். தொண்ணூறைத் தொடும் வயசு, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"இன்னா கண்ணு ஆயிடும்? உன்னைச் சொமந்துக்கினு இருந்தப்போ உங்கம்மாவுக்கு ரத்தமே இல்ல. மூஞ்சி வெளுத்துப்போய்க் கெடந்தா. நான்தான் தெனம் ஒரு கிளாஸ் கள்ளு வாங்கியாந்து, மேலாப்புல தெளிஞ்சது இல்ல, அடி மண்டியோட கலக்கிக் குடுத்தேன். நீ நல்லாத்தானே கீற? இஞ்சினீருக்குப் படிச்சல்ல?"

நான் பிறந்தது 1983. தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் 1981-இல் மறுபடி திறந்தன, 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை வந்தது. இன்றுவரை அந்தத் தடை இருக்கிறது. ஆக ஆயா சொல்லும் காலக்கணக்கு சரியாகத்தான் பொருந்துகிறது. அந்த ஆறு வருஷ இடைவெளிக்குள் பிறந்தவன் நான். இந்த ஆராய்ச்சியில் நானே ஒரு சோதனைக் குழந்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் ஒரே ஒரு டெஸ்ட் பாஸ் ஆனதை வைத்து எந்த மென்பொருளையும் வெளியிட மாட்டோம். அதனால் தேட ஆரம்பித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பி.இ. படித்தவன், மருத்துவன் இல்லை. இது ஒரு வரலாற்றுக் குறிப்பு. மருந்து, மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

இந்தக் கடற்கரையில் கள் என்பது

இன்று நமக்குக் கள், சாராயம், பிராந்தி எல்லாம் "சரக்கு" என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. பழைய தொண்டை நாட்டில் அப்படி இல்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் மது தயாரிக்கும் முறை கிட்டத்தட்ட சமையல் குறிப்பு மாதிரியே வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, முளைநெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு நாள் புளிக்கவிடுவார்கள். முளைகட்டிய தானியம் மாவைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். இன்றைய பீர் தொழிற்சாலையிலும் நடப்பது அதுதான். வழிப்போக்கனாக வரும் பாணனுக்கு அதை மீனோடு கொடுத்து உபசரிக்கிறார்கள். அங்கே அது சாப்பாட்டின் ஒரு பகுதி.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகம் காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. அதில் குடித்துவிட்டு வரும் காபாலிகனோடு சரிக்குச் சரி தேவசோமா என்ற பெண்ணும் வருகிறாள். ஒரு ராஜா எழுதிய கேலி நாடகம்தான், ஆனாலும் பெண் குடிப்பது யாரும் கேள்விப்படாத சங்கதியாக இருந்திருந்தால் இப்படி ஒரு பாத்திரம் மேடையேறியிருக்காது. பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிப் பட்டியல்களில் "ஈழப்பூட்சி" என்று ஒன்று உண்டு. ஈழம் என்றால் கள். கள் இறக்குவதற்கான வரி அது. வரி போடும் அளவுக்குப் புழங்கிய பொருள்.

அதன் பிறகு வெள்ளைக்காரன் காலம். 1886-இல் வந்த சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசாங்கத்தின் பெரிய வருமான வழிகளில் ஒன்றாக ஆக்கியது. பிறகு எதிர்த்திசையில் காற்று அடித்தது. ராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் தளர்வு, பிறகு மறுபடி மூடல், 1981-இல் மறுபடி திறப்பு.

இத்தனை சட்டம் வந்துபோன பிறகும் ஆயாவின் நம்பிக்கை மட்டும் மாறவில்லை: வெளுத்துப்போன கர்ப்பிணிக்கு மண்டியோடு கள். நான் முதலில் இதை வெறும் மூடநம்பிக்கை என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பைக் கலைத்தவர் ஓர் ஆங்கிலேயப் பெண் மருத்துவர்.

கோஷா ஆஸ்பத்திரியில் லூசி வில்ஸ்

1928-இல் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்தார். இந்திய மருத்துவப் பணியில் இருந்த மார்கரெட் பால்ஃபர் என்ற டாக்டரின் அழைப்பு. வேலை: பிரசவ கால மரணங்களுக்குக் காரணம் கண்டுபிடிப்பது. பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் ஆய்வு. ஜவுளி மில் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு ஒரு கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. இரும்புச்சத்து கொடுத்தும் சரியாகவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து இருந்தன.

வில்ஸ் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழைப் பெண்கள், காய்கறி குறைவு, பால் குறைவு. அதே மாதிரி உணவை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவற்றுக்கும் ரத்தசோகை வந்தது. மோசமான நிலையில் இருந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்தபோது அது தேறியது. மார்மைட் என்பது பீர் தொழிற்சாலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கெட்டியான சாறு, விலை மலிவு. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். அதே வருஷத் தொடக்கத்தில் அவர் வேலை செய்த இடம் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. செங்கல்பட்டிலிருந்து ரயிலேறிப் பிரசவத்துக்குப் போனவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

இப்போது ஆயாவின் செய்முறையை மறுபடி படியுங்கள். மேலே தெளிந்தது வேண்டாம், அடி மண்டியைக் கலக்கிக் கொடு. கள்ளின் அடியில் தங்கும் மண்டி என்ன? பெரும்பாலும் ஈஸ்ட். பீர் பீப்பாயின் அடியில் தங்குவதும் அதே குடும்பம்தான். ஆயா கையில் வைத்திருந்த குறிப்பும் லூசி வில்ஸ் கையில் இருந்த பாட்டிலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவசரப்படவும் கூடாது. கள் மண்டி கொடுத்து ரத்தசோகை தீர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. மார்மைட்டில் ஈஸ்ட் செல்கள் உடைக்கப்பட்டு உள்ளே இருக்கும் சத்து வெளியே வந்திருக்கும். மண்டியில் இருப்பது உயிருள்ள முழு ஈஸ்ட், அதன் சத்து அவ்வளவு எளிதாக உடம்பில் சேராது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கள்ளில் நல்லது ஏதாவது இருந்தது என்றால், அது ஈஸ்ட்டில் இருந்தது. ஆல்கஹாலில் இல்லை.

அந்த நல்லதுக்குப் பெயர் கிடைக்கப் பத்து வருஷம் ஆனது. 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அதைச் செயற்கையாகத் தயாரித்து 1945-இல் வெளியிட்டது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகக் குழு. அந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1991-இல் வந்த ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு, கருத்தரிக்கும் காலத்தில் ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளையும் பெருமளவு தடுக்கலாம் என்று காட்டியது. இன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. மண்டியில் இருந்த நல்லது, கள் இல்லாமல், இலவசமாக.

இதில் ஒரு முரண் வேறு. ஆல்கஹால் தொடர்ந்து உள்ளே போனால் குடலில் ஃபோலேட் உறிஞ்சப்படுவது குறையும், சிறுநீர் வழியாக வெளியேறுவது கூடும். கிளாஸின் அடியில் இருப்பது கொடுக்க வந்ததை மேலே இருப்பது தடுக்கிறது.

மருத்துவர்களும் தடுமாறிய கதை

சரி, ஆல்கஹால் குழந்தைக்குக் கெடுதல் என்று எப்போது தெரிந்தது? 1899-இல் வில்லியம் சல்லிவன் என்ற சிறை மருத்துவர் லிவர்பூல் சிறையில் இருந்த 120 குடிகாரப் பெண்களின் கதையைத் தொகுத்தார். அவர்களுக்குப் பிறந்த 600 குழந்தைகளில் 335 பேர் இறந்தே பிறந்தார்கள் அல்லது இரண்டு வயசுக்குள் இறந்தார்கள். இன்னொன்றையும் அவர் கவனித்தார். கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே சிறைக்கு வந்து, குடி கிடைக்காமல் போன சிலருக்கு நல்ல குழந்தைகள் பிறந்தன. அதே தாய், அதே வறுமை, குடி மட்டும் நின்றது. இந்தக் கண்டுபிடிப்பு பல பத்தாண்டுகள் கவனிப்பாரில்லாமல் கிடந்தது.

1967-இல் அமெரிக்காவில் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற பெரிய மகப்பேறு மருத்துவர், குறைமாதப் பிரசவ வலியை நிறுத்தக் கர்ப்பிணியின் ரத்தக்குழாயிலேயே ஆல்கஹாலை ஏற்றும் முறையை வெளியிட்டார். பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் சுரப்பை ஆல்கஹால் அடக்கும் என்பது கணக்கு. பல வருஷம் ஆஸ்பத்திரிகளில் இது நடந்தது. ஆயாவை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

அடுத்த வருஷமே, 1968-இல், பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிரெஞ்சில் இருந்ததால் வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. 1973-இல் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் கடும் குடிப்பழக்கம் உள்ள தாய்மார்களுக்குப் பிறந்த 8 குழந்தைகளிடம் ஒரே மாதிரி முக அமைப்பு, வளர்ச்சிக் குறைவு, மூளைப் பாதிப்பு இருப்பதை லான்செட் இதழில் எழுதினார்கள். கருவின் ஆல்கஹால் பாதிப்பு என்ற பெயரே அதன் பிறகுதான் வந்தது.

காரணம் எளிமையானது. ஆல்கஹால் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். தாயின் ரத்தத்தில் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு குழந்தையின் ரத்தத்திலும் ஏறும். அதை உடைக்கும் ஈரல் குழந்தைக்கு இன்னும் முதிரவில்லை. பனிக்குட நீரிலும் கொஞ்ச நேரம் தங்கும்.

"கொஞ்சம்" என்றால் எவ்வளவு?

நிறையக் குடித்தால் கெடுதல் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. தங்கச்சியின் கேள்வி கொஞ்சத்தைப் பற்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரிட்டனில் ஒரு "யூனிட்" என்பது 8 கிராம் ஆல்கஹால்.

- கள் 5 விழுக்காடு என்று வைத்தால், 200 மில்லி கிளாஸில் 8 கிராம்.
- பாதி புளித்த பதநீர் 2 விழுக்காடு என்று வைத்தால், அதே கிளாஸில் சுமார் 3 கிராம்.
- அரிஷ்டம் 8 விழுக்காடு என்றால், ஒரு வேளைக்கு 30 மில்லி, இரண்டு வேளைக்கு சுமார் 4 கிராம். அரிஷ்டம் என்பதே புளிக்கவைத்துச் செய்வது, ஆல்கஹால் அதில் தானாகவே உண்டாகும். "மருந்துதானே" என்று இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
- 42.8 விழுக்காடு பிராந்தி 30 மில்லியில் 10 கிராம்.

2017-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாரம் 4 யூனிட் வரை குடித்த கர்ப்பிணிகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். குழந்தை மாதக்கணக்குக்கு உரியதைவிடச் சிறியதாகப் பிறப்பதோடு லேசான தொடர்பு தெரிந்தது. மற்றபடி கெடுதல் என்று உறுதியாகச் சொல்லவும் சான்று போதவில்லை, பாதுகாப்பு என்று சொல்லவும் போதவில்லை. அதற்கு முந்தைய வருஷம், 2016-இல், பிரிட்டன் அரசு "வாரத்துக்கு ஓரிரு முறை கொஞ்சம்" என்று இடம் கொடுத்த பழைய ஆலோசனையை எடுத்துவிட்டு, கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம் என்று மாற்றியிருந்தது.

ஆயாவின் "தெனம் ஒரு கிளாஸ்" வாரத்துக்கு 7 யூனிட். வெள்ளைக்காரன் ஆய்வில் "கொஞ்சம்" என்று வைத்த எல்லைக்கே அது அடங்கவில்லை.

ஏன் இன்னும் உறுதியான பதில் இல்லை? கர்ப்பிணிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மது கொடுத்துச் சோதிக்க எந்த மனசாட்சியும் இடம் தராது. குடித்தவர்களைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அதில் என்ன சிக்கல் என்று எங்கள் வீட்டிலேயே தெரிந்தது. அம்மாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஆயா அந்தண்ட திரும்பினதும் பாதியை வேலியோரம் ஊத்திடுவேன். எனக்கு அந்த நாத்தமே ஆகாது." நாற்பது வருஷம் கழித்து ஆயாவைக் கேட்டு எழுதியிருந்தால் என் கணக்கில் நூறு விழுக்காடு பிழை.

இன்னொன்று முக்கியம். பிரிட்டனில் கர்ப்பத்தில் கொஞ்சமாகக் குடித்தவர்களின் குழந்தைகள் நன்றாகவே இருந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் அங்கே அப்படிக் குடித்தவர்களில் படித்த, வசதியான பெண்கள் அதிகம். நல்ல சாப்பாடும் நல்ல மருத்துவமும் குழந்தையைக் காத்ததா, மது கெடுக்காமல் விட்டதா என்று பிரிப்பது கஷ்டம். நம் ஊரில் நிலைமை தலைகீழ். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த உடம்பில் ஆல்கஹாலின் கெடுதல் கூடுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. "ரத்தம் ஊற" யாருக்குக் கள் கொடுக்கச் சொல்கிறோமோ, அவர்களுக்குத்தான் அது அதிகம் ஆகாது.

நம் ஊர் மது பாட்டிலில் உடல்நலக் கேடு பற்றியும் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்றும் எழுதியிருக்கும். கர்ப்பிணி பற்றி அந்தக் கட்டாய எச்சரிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. பதநீர்க் கலயத்திலும் அரிஷ்ட பாட்டிலிலும் யார் தேடப் போகிறார்கள்?

தங்கச்சிக்குச் சொன்னது

அவளுக்கு இப்படி எழுதினேன்: சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய, அன்று காலைப் பதநீர் வேறு, புளித்தது வேறு. சுண்ணாம்புதான் ஈஸ்ட்டை அடக்கிவைக்கிறது. அது குறைந்தால் சில மணி நேரத்திலேயே நுரை கட்டும், புளிக்கும், அப்புறம் அது கள்தான். நுரையும் புளிப்பும் இருந்தால் தொடாதே. புதுப் பதநீரிலும் சர்க்கரை நிறைய, அதனால் சுகர் டெஸ்ட் பார்த்துவிட்டு டாக்டரைக் கேட்டுக் குடி. பி.எச்.சி.யில் கொடுத்த மாத்திரையை விடாதே, டீயோடு சேர்த்துப் போடாதே.

கூடவே இதையும் எழுதினேன்: ஏற்கெனவே ரெண்டு வாய் குடித்திருந்தால் அதை நினைத்து ராத்திரியெல்லாம் முழிக்காதே. இனிமேல் வேண்டாம், அவ்வளவுதான். எந்த மாசத்தில் நிறுத்தினாலும் லாபம்தான். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் எவ்வளவு லாபம் என்று சல்லிவனின் சிறைப் பெண்கள் காட்டினார்கள்.

ஆயாவிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ உங்கம்மாவுக்கு நான் குடுத்தது தப்பா கண்ணு?"

"மண்டின்னு சொன்ன பாரு ஆயா, அதுல விஷயம் இருந்துச்சு. அன்னிக்கு உனக்கு யாரும் மாத்திரை குடுக்கல. அந்த மண்டியில இருந்த சத்தைத்தான் இப்போ மாத்திரையா அடிச்சுக் குடுக்கறாங்க. கள்ளு மட்டும் வேணாம்."

"வெள்ளைக்காரிச்சியும் மண்டியைத்தான் குடுத்தாளா?"

"ஆமா ஆயா. நம்ம கோஷா ஆஸ்பத்திரியில கூட வேலை பாத்தாங்க."

அது போதுமாக இருந்தது. அதன் பிறகு தினமும் ராத்திரி எட்டு மணிக்குத் தங்கச்சிக்கு ஆயாவிடமிருந்து போன். வேறு பேச்சே கிடையாது. "மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான். புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 900 கிராம்.